பெயர் கேட்கிற சிஸ்டர்

தென்காசிப் பக்கம் ஒருவரிடம் பெயரைக் கேட்டால் பெயரைத் தவிர மற்றதெல்லாம் சொல்வார்கள். எந்த ஊர், யார் மகன், பெண் கொடுத்த இடம் எது, எடுத்த இடம் எது, எல்லாம் வரும். நேரம் இருந்தால் வாய்க்கால் தகராறும் வரும். பெயர் மட்டும் லேசில் வராது. ஜெபமலருக்கு இது தெரியாத சங்கதி இல்லை. அவளும் இலஞ்சிக்காரிதான். ஆனால் பதினோரு வருஷம் மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்த்ததில் ஊர்ப்பழக்கம் பாதி மறந்து, கைப்பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டது.

அங்கே ஒரே சட்டம். மாத்திரை கொடுத்தாலும் சரி, ஊசி போட்டாலும் சரி, முதலில் நோயாளியின் வாயால் அவர் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லவைக்க வேண்டும். 'நீங்கள் இன்னார்தானே' என்று கேட்கக் கூடாது. வலியில் கிடப்பவன் யார் பெயரைச் சொன்னாலும் 'ஆமா' என்பான். அவர் சொன்னதை மணிக்கட்டில் கட்டிய பட்டையோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து. பதினோரு வருஷத்தில் ஒரு லட்சம் தடவையாவது கேட்டிருப்பாள். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் கேட்பாள்.

மார்ச் மாசம் ஊருக்கு வந்து, குற்றாலம் ரோட்டில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஆறு மாசம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள் என்று பேச்சு. முதல் நாளே ஆரம்பித்தாள். "அண்ணாச்சி, உங்க பேரு சொல்லுங்க." வல்லத்துப் பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எம் பேரு தெரியாமலா ஊசியத் தூக்கிட்டு வந்த?" பிறந்த தேதி கேட்டால் கதை இன்னும் நீளும். "புயல் அடிச்ச வருசம். ஆடி மாசம். எங்கம்மைக்குத்தான் தெரியும், அவ போய்ச் சேந்துட்டா."

கூட இருக்கும் வயசான பெண்களிடம் கேட்டால் அது தனிக் கூத்து. புருஷன் பெயரை அவர்கள் சொல்லமாட்டார்கள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு அம்மாள் சுவரில் தொங்கிய காலண்டர் முருகனைக் காட்டி, "அந்தா நிக்காரே, அவரு பேருதான்" என்றாள். முருகனுக்கு எத்தனை பெயர். சுப்பிரமணியா, கந்தசாமியா, ஆறுமுகமா என்று ஜெபமலர் ஒவ்வொன்றாகக் கேட்க, அந்த அம்மாள் தலையை ஆட்டி ஆட்டி, ஐந்தாவதில்தான் பெயர் பிடிபட்டது. அதற்குள் ஊசி மருந்து ஆறிப்போயிருக்கும் என்று வார்டே சிரித்தது.

"எக்கா, நாளைக்கு ரேசன் கார்டும் கொண்டாரச் சொல்லுதியளா?" என்று கேலி செய்வாள் கடையநல்லூர் ஹுஸ்னா. வார்டில் சின்ன நர்ஸ் அவள்தான், வாய் பெரிசு. 'பேரு கேக்கிற சிஸ்டர்' என்ற பட்டத்தைக் கட்டிவிட்டதும் அவள்தான்.

கேலியைத் தாங்கிக்கொள்ளலாம். புகாரைத் தாங்க முடியாது. புதன்கிழமை நிர்வாகி ஸ்ரீமதி கூப்பிட்டனுப்பினாள். மேஜைமேல் மூன்று தாள்கள் இருந்தன. சிஸ்டர் மரியாதையில்லாமல் பெயரைக் கேட்கிறார், போலீஸ்காரர் மாதிரி விசாரிக்கிறார், இப்படி.

"நீங்க கேக்கது சரிதான் சிஸ்டர். நான் தப்புன்னு சொல்லல. ஆனா ஆளுங்க கோவப்படுதாங்க. இன்னொரு புகார் வந்தா நிரந்தரம் பண்ணுறதப் பத்திப் பேச முடியாது, பாத்துக்கோங்க."

அறுவை டாக்டர் தில்லைநாயகம் அப்போது ஏதோ கையெழுத்துக்கு வந்திருந்தார். "இது மஸ்கட் இல்ல சிஸ்டர், தென்காசி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டு சொன்னதுதான் ஜெபமலருக்கு அதிகம் சுட்டது.

இந்த வேலை போனால் வேறு வேலை கிடையாது. வந்த புதிதில் நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிவிட்டாள். நாற்பத்தொரு வயசு நர்ஸை யாரும் எடுக்கவில்லை; படித்து முடித்த சின்னப் பெண்கள்தான் வேண்டுமாம். வேலை இல்லையென்றால் திரும்ப மஸ்கட்தான். பழைய ஆஸ்பத்திரியிலிருந்து மேற்பார்வையாளர் செய்தி அனுப்பியிருந்தார். இடம் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். ஜெபமலர் பதிலும் போடவில்லை, அழிக்கவும் இல்லை. கணவன் ஸ்டான்லி அதைப் பார்த்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். "ஒன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னான்.

மகள் சுஜிதாவுக்குப் பதிமூன்று வயசு. விட்டுவிட்டுப் போகும்போது ரெண்டு. இப்போதும் அந்தப் பிள்ளை பேனா வாங்கக் காசு வேண்டுமென்றாலும், தலைவலிக்கிறது என்றாலும் அப்பாவிடம்தான் போகும். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள், அவளைத் தாண்டிப் போகும். வந்த அன்று ஜெபமலர், "இனிமே அம்மா போகமாட்டேன்" என்று சொன்னாள். சுஜிதா "சரி" என்றாள். இலஞ்சியில் மழை பெய்கிறது என்று சொன்னால் எப்படிச் 'சரி' என்பாளோ அப்படி. ஒவ்வொரு லீவிலும் தெருவில் எல்லாரும் கேட்கும் 'திரும்ப எப்போ வருவ?' என்ற கேள்வியை அந்தப் பிள்ளை ஒருநாளும் கேட்டதில்லை. ஜெபமலருக்கு அதுதான் பயம். எதிர்பார்க்கிறவர்கள்தானே கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜூலை மாசம், வெளியே சாரல். சீசன் என்பதால் ஐந்தருவியில் வழுக்கி விழுந்த ரெண்டு பேர் காலில் கட்டோடு கிடந்தார்கள். ஏழாம் கட்டிலில் வீரகேரளம்புதூர் இசக்கிப்பாண்டி, வயசு ஐம்பத்தெட்டு. ஹெர்னியா ஆபரேஷன் ஒன்பது மணிக்கு. கூட மனைவி பாலம்மாள். காகித வேலையெல்லாம் பார்த்தது அவருடைய அண்ணன் பலவேசம் என்று கையெழுத்துப் போட்ட ஆள். இசக்கிப்பாண்டியின் மகன் முத்துகுமரன் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அந்தக் கம்பெனி ஊழியர்களின் தாய் தகப்பனுக்கும் இன்சூரன்ஸ் கொடுக்கிறது. அந்த அட்டையில்தான் சேர்த்திருந்தது.

ஏழு மணிக்கு ஜெபமலர் பட்டையும் பேனாவுமாகக் கட்டிலருகே போனாள். புதன்கிழமைப் பேச்சு காதில் இருந்தது. கேட்காமல் விட்டால்தான் என்ன, பட்டையில்தான் பெயர் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்தாளே ஒழிய வாய் கேட்டுவிட்டது.

"அண்ணாச்சி, உங்க பேரு சொல்லுங்க."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "இசக்கிப்பாண்டி."

"பிறந்த தேதி?"

"பதினாலு அஞ்சு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுவத்தேழு."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் வந்தது. நாலு மாசத்தில் இந்த வயசுக்காரர் ஒருத்தர் நாள், மாசம், வருஷம் மூன்றையும் சொன்னது இதுதான் முதல் தடவை. ஜெபமலருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஆபரேஷன் என்றால் கூட இருப்பவரிடமும் ஒருதரம் கேட்டுக்கொள்வது அவள் வழக்கம். பாலம்மாள் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சிரிப்பு, சேலைத் தலைப்பு, காலண்டர் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் ஜெபமலர் கேட்டாள்.

"ஆச்சி, ஆபரேசனுக்குப் போறவிய பேரு என்ன?"

"இசக்கிப்பாண்டி" என்றாள் பாலம்மாள், தலையைக்கூட நிமிர்த்தாமல். "எனக்குச் சீனி போடாத காப்பி இங்கன எங்க கெடைக்கும் தாயி?"

எதிர்க்கடை என்று சொல்லிவிட்டு, தாளில் குறி போட்டுவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஐந்தருவிக்காரர் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். காற்று அடிக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

அறுபதை நெருங்கும் வீரகேரளம்புதூர்க்காரி. கட்டிய புருஷன் பெயரை, கடையில் உளுந்து கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள்.

ஜெபமலரின் அம்மா சாகிறவரைக்கும் அப்பா பெயரைச் சொன்னதில்லை. கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கைக்குப் பாஸ்டர் அந்தப் பெயரை வாசித்தால்கூட அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். படித்த குடும்பம், வேதக்காரக் குடும்பம், அங்கேயே அப்படி. மஸ்கட்டில் இந்த யோசனை வந்திருக்காது. அங்கே பெயர் சொன்னால் சந்தேகம் தீரும். இங்கே பெயர் சொன்னதுதான் சந்தேகம்.

திரும்பி வந்தாள். "ஆச்சி, பேரு சொல்லித்தான் கூப்பிடுவியளா?"

"ஆர?"

"இசக்கிப்பாண்டிய."

"பின்ன? நான் வாக்கப்பட்டு வரும்போது அவன் டவுசரு போட்டுட்டு நிக்கான். அன்னையில இருந்து..." பாலம்மாள் நிறுத்தினாள். கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெபமலர் அவளைப் பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். கொடியில் ஈரத் துண்டுகள் தொங்கின. பாலம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

கட்டிலில் கிடப்பவர் இசக்கிப்பாண்டி இல்லை. அவருடைய அண்ணன். அட்டை தம்பியுடையது. அண்ணன் வலியில் கிடந்து துடிப்பதைப் பார்க்க முடியாமல் தம்பிதான் இந்த யோசனை சொல்லியிருக்கிறான். ஒரே சாடை, யாருக்குத் தெரியப் போகிறது என்று. இவருக்குத் தம்பி பெயர், தம்பிக்கு இவர் பெயர். மூன்று நாள் உட்காரவைத்துத் தேதியைப் பாடம் பண்ணவைத்திருக்கிறார்கள்.

"அப்ப உங்க வீட்டுக்காரர் பேரு என்ன ஆச்சி?"

"நான் எப்படித் தாயி சொல்லுவேன்? தம்பிக்காரன் கையெழுத்துப் போட்டிருக்கான்லா, அந்தப் பேருதான்." பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய தெரிஞ்சா முத்துகுமரனுக்கு வேலை போயிருமாம். அவன் எம் பிள்ள மாதிரி. யாருக்கும் சொல்லிராத."

ஜெபமலருக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. தெரியாமலே போயிருந்தால் நிம்மதி என்றுகூட நினைத்தாள். ஆனால் அட்டைக்காரன் உடம்புக்கும் ஆபரேஷன்காரன் உடம்புக்கும் சம்பந்தமில்லையே. ஃபைலில் இருப்பதெல்லாம் தம்பியின் உடம்பு. சர்க்கரை இல்லை, இருதயக் கோளாறு இல்லை, மாத்திரை எதுவும் இல்லை.

"நான் போலீஸ் இல்ல ஆச்சி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவிய தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடுதாவளா?"

பாலம்மாள் உள்ளே போய்க் கட்டைப்பையைத் துழாவி, துவைத்த வேட்டிக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துவந்தாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலியில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்களாம். ரத்தம் உறையாமல் இருக்க இந்த மாத்திரை. ஒருநாள்கூட விடக் கூடாது என்று அந்த டாக்டர் சொன்னதை அவள் வேதவாக்காகப் பிடித்திருந்தாள். "இன்னைக்கும் கொடுத்துட்டேன். தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொன்னாவ. ஒரு வாய்தான் கொடுத்தேன்" என்றாள்.

ஜெபமலருக்குப் பயம் வந்துவிட்டது. மணி எட்டு. ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு ஓடினாள். தில்லைநாயகம் பச்சை உடுப்போடு நின்றார்.

"டாக்டர், ஏழாம் பெட் ஸ்டென்ட் வச்ச ஆளு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதாரு. காலைலயும் சாப்பிட்டிருக்காரு."

அவர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். "ஃபைல்ல இல்லையே?"

"சொல்லாம விட்டுட்டாங்க."

பெயர் மாறாட்டத்தை அவள் சொல்லவில்லை. பாலம்மாள் பிடித்த பிடி இன்னும் கையில் இருந்தது. ஆபரேஷன் நின்றால் போதும், மற்றது அவர்கள் பாடு என்று நினைத்தாள். மஸ்கட்டில் இருந்தால் இப்படி அரைகுறையாகச் சொல்லியிருக்கமாட்டாள். ஊருக்கு வந்து நாலு மாசத்தில் ஊர்க்காரியாகிவிட்டாள், தப்பான நேரம் பார்த்து.

இட்லிப் பொட்டலத்தோடு வந்த தம்பிக்காரனுக்கு ஆபரேஷன் நின்றது தெரிந்ததும் முகம் வெளிறியது. ஸ்டென்ட் சமாசாரம் ஃபைலில் ஏறினால் இன்சூரன்ஸ்காரன் நோண்டுவான், நோண்டினால் மகன் வேலை போகும். இது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. மாத்திரைக்கும் கத்திக்கும் உள்ள சம்பந்தம் தெரியவில்லை. நேரே நிர்வாகி அறைக்குப் போய் ஒரு தாள் கேட்டு வாங்கி, அண்ணன் எழுதுகிற மாதிரியே புகார் எழுதினான். மாத்திரை தம்பியுடையது இல்லை, தம்பி பெண்டாட்டியுடையது. இந்த சிஸ்டர் அந்த அம்மாளை மிரட்டிப் பையைத் துழாவி எடுத்துவிட்டு, ஆபரேஷனையும் நிறுத்திவிட்டார். கீழே பெரிதாகக் கையெழுத்து: பலவேசம்.

பத்து மணிக்கு ஜெபமலரைக் கூப்பிட்டார்கள். ஸ்ரீமதி முகத்தில் சிரிப்பில்லை. மேஜைக்கு முன்னால் புகார் எழுதிய ஆள் நின்றான். தில்லைநாயகம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். "நோயாளியக் கேட்டாச்சு, எங்கண்ணன் சொல்லுறதுதான் சரிங்காரு. மாத்திரை அந்த அம்மாவோடதுன்னா பன்னெண்டு மணிக்கு வச்சுக்கலாம். யாரோடதுன்னு எனக்கு உறுதியாத் தெரியணும்" என்றார்.

இனிமேல் மறைக்க வழியில்லை. "மேடம், இவரு பலவேசம் இல்ல. இவருதான் இசக்கிப்பாண்டி. உள்ள படுத்திருக்கதுதான் பலவேசம்" என்றாள் ஜெபமலர்.

அந்த ஆள் ஸ்ரீமதியைப் பார்த்தான். "பாத்தியளா மேடம். நோயாளி பேரக் கேட்டு முடிச்சாச்சு, இப்ப எம் பேரையே இல்லங்காவ." சட்டைப் பையிலிருந்து பலவேசத்தின் ஆதார் அட்டையை எடுத்து வைத்தான். ஸ்ரீமதி படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆதார் படத்தில் யாரும் யார் மாதிரியும் இருப்பார்கள். போதாததற்கு அண்ணன் தம்பி.

"சிஸ்டர், புதன்கிழமதான சொன்னேன்" என்றாள் ஸ்ரீமதி. சத்தம் போடவில்லை. முடிவு செய்துவிட்டவள் குரல் அது. ஜெபமலருக்குச் சுஜிதா 'சரி' என்று சொன்ன முகம் ஞாபகம் வந்தது. இன்றைக்குச் சாயங்காலம் மஸ்கட்டுக்குப் பதில் போட வேண்டும், வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை இதற்கும் 'சரி' என்றுதான் சொல்லும்.

"பாலம்மா ஆச்சியக் கூப்பிட்டுக் கேளுங்க மேடம். கேட்டுட்டு என்ன வேணா செய்யுங்க."

ஹுஸ்னா போய்க் கூட்டிவந்தாள். பாலம்மாள் வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ஸ்ரீமதி மாத்திரை அட்டையைக் காட்டினாள்.

"அம்மா, இது உங்க மாத்திரையா?"

பாலம்மாள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் கண்ணாலே கெஞ்சினான். அவள் ஜெபமலரைப் பார்த்தாள். ஜெபமலர் ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றாள். பாலம்மாள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரு, இந்த மாத்திரையத் தின்னுட்டு அறுத்தா என்ன ஆவும்?"

"உங்க மாத்திரைன்னா ஒண்ணும் ஆகாதும்மா. உள்ள படுத்திருக்கவரோடதுன்னா, அறுத்த எடத்துல ரத்தம் நிக்காது. முதுகுல போடுற ஊசியில ரத்தம் கசிஞ்சா காலு ரெண்டும் வராமப் போகலாம். உசுரு போனாலும் போகும்."

பாலம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நின்ற இடத்திலிருந்து ரெண்டு அடி உள்ளே வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பேரு பலவேசம்" என்றாள். போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் சத்தமாகச் சொன்னாள். "சுடலைமுத்து மகன் பலவேசம். வயசு அறுவத்தொண்ணு. ஏழாம் நம்பர் கட்டில்ல கெடக்கது அவியதான். இந்தா நிக்கவன் எங்கொழுந்தன் இசக்கிப்பாண்டி. மாத்திரை அவியளுக்கு உள்ளது. நான்தான் காலைல கொடுத்தேன்."

சொல்லி முடித்ததும் முகம் முழுக்கச் சிவந்து சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இசக்கிப்பாண்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "மதினி" என்றான். குட்டு உடைந்ததைவிட அந்தப் பெயரை அந்த வாயால் கேட்டதுதான் அவனை உட்காரவைத்தது. நாற்பது வருஷமாக ஒரே வீட்டுச் சோறு, ஒருநாள் கேட்டதில்லை. பிறகு டாக்டரிடம், "எங்கண்ணனுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா? நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்" என்றான். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தான். அவனைத் திட்ட அங்கே யாருக்கும் மனசு வரவில்லை, ஸ்ரீமதியைத் தவிர. அவள் ஐந்து நிமிஷம் விடாமல் திட்டினாள்.

"இன்னைக்கு அறுக்கல, ஒண்ணும் ஆகாது" என்றார் தில்லைநாயகம். "இருதய டாக்டரப் பாத்துட்டு, அவரு சொல்லுறபடி மாத்திரைய நிறுத்திட்டு வாங்க. பெரியாஸ்பத்திரியிலயும் செய்வாங்க. எங்க போனாலும் சொந்தப் பேருல போங்க." வெளியே போகும்போது ஜெபமலர் அருகில் ஒரு கணம் நின்றார். "அந்தம்மா பேரு சொன்னத வச்சா கண்டுபிடிச்சீங்க?" என்றார். அவள் ஆமாம் என்றாள். "எனக்குத் தோணியிருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஸ்ரீமதி புகார்த் தாளைத் தூக்கிப் பிடித்தாள். "இது பலவேசம் எழுதின புகார். பலவேசம் உள்ள படுத்துக் கெடக்காரு. அவரு ஒரு புகாரும் எழுதல. அப்ப இது யாரு எழுதினது?" பதிலுக்குக் காத்திராமல் ரெண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். "இன்சூரன்ஸ்காரனுக்கு நான் என்ன எழுதட்டும்? ஆபரேசன் நடக்கலன்னு எழுத வேண்டியதுதான். உள்ளதும் அதுதான்." பிறகு ஜெபமலரிடம் திரும்பினாள். "உங்கள மஸ்கட்ல திரும்பக் கூப்பிடுதாங்களாமே. ஹுஸ்னா சொன்னா."

"கூப்பிட்டாங்க மேடம். போகல."

வாய் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"செப்டம்பர்ல ஆர்டர் போடணும். எனக்கு ஆயிரம் சோலி, மறந்துருவேன். நீங்களே ஞாபகப்படுத்துங்க" என்று ஸ்ரீமதி அடுத்த ஃபைலை எடுத்தாள்.

மாடிப்படியில் நின்று ஜெபமலர் மஸ்கட்டுக்கு ரெண்டு வரி எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் திரும்பினால் பாலம்மாள் பின்னாலேயே நிற்கிறாள்.

"தாயி, எங்க வி.கே.புதூர்ல ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது."

"இன்சூரன்ஸ் விசயந்தான ஆச்சி, நான் என்னத்துக்குச் சொல்லப் போறேன்?"

"அது கெடக்கு சவம். நான் அவிய பேரச் சொன்னத. அந்தச் சின்னச் சிஸ்டருக்கும் சொல்லி வையி, அது வாய் சும்மா இருக்காது போல."

சின்னச் சிஸ்டரின் வாய் அதற்குள் வேலையை முடித்திருந்தது. ஜெபமலர் புதுப் பட்டையோடு ஏழாம் கட்டிலுக்குப் போனபோது, பலவேசம் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பிளாஸ்கைக் கழுவப் போன பாலம்மாள் வருகிறாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, உங்க பேரு சொல்லுங்க."

"அவ சொல்லிட்டாளாமே" என்றார். "பெறவு நான் என்னத்துக்கு?"

"நீங்களும் ஒருதரம் சொல்லணும்."

"பலவேசம்." இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்கவில்லை. பிறந்த தேதி தெரியாது, கார்த்திகை மாசம், அவ்வளவுதான் என்றார். ஜெபமலர் ஆதாரைப் பார்த்து எழுதிக்கொண்டாள். அவர் கையை நீட்டாமல் இன்னும் எதையோ யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சிஸ்டர், எப்படிச் சொன்னா?"

"சத்தமாத்தான் சொன்னாவ அண்ணாச்சி. உங்க அப்பா பேரையும் சேத்து."

அவர் தலையை ஆட்டினார். "நாப்பத்தோரு வருசம். ஒருதரங்கூடக் கேட்டதில்ல. சொன்ன அன்னைக்கு நான் அங்கன இல்லாமப் போயிட்டேன், பாத்தியளா."

சுஜிதா சிலேட்டில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் காட்டிய அன்று ஜெபமலர் மஸ்கட்டில் யாரோ ஒருவரிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டான்லி போட்டோ அனுப்பியிருந்தான். எழுத்து தெரிந்தது, பிள்ளை எழுதுவது தெரியவில்லை. பலவேசத்தின் மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். மூன்று மணிக்கு டூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், சாரலில் நனைந்துகொண்டே சுஜிதா படிக்கும் இலஞ்சிப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய், மணி அடிப்பதற்கு முன்னாலேயே நின்றாள்.